அந்தக் குடைக் காட்சி

மார்ச் 3

அன்புள்ள காற்புள்ளிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஆறு பக்கம் என்று ஆசையோடு பிரித்தால் பக்கத்துக்கு ஒன்பதே வரி. சுவரொட்டி எழுதுகிறவளைப்போல எழுதியிருக்கிறாய். விடுதி அறையில் தாளின் ஓரத்தைக்கூட விடாமல் சுற்றிச் சுற்றி எழுதியவளா நீ? அச்சகத்தில் வெட்டிப்போட்ட காகிதம் நிறையக் கிடைக்கிறது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் "அந்த அக்காக்காரி இருக்காளே" என்று நீ ஆரம்பித்தாய், நான் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. படத்தைப் பற்றிப் போனில் பேசுவதில்லை, கடிதத்தில்தான் என்று கல்லூரி முடிந்த வருஷம் நாம் போட்ட ஒப்பந்தம். போனில் என்றால் நீயே பேசி நீயே ஜெயிப்பாய்.

படத்துக்கு வருகிறேன். அவர்கள் வைத்த பெயர் பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கிறது. வழக்கம்போல நாமே ஒன்று வைப்போம். நான் ‘குடைப் படம்’ என்று வைக்கிறேன். அக்கா கல்நெஞ்சுக்காரி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நீயும் அப்படித்தான் எழுதப்போகிறாய். தங்கையோடு சண்டை போட்டுக் கதவை அறைந்துவிட்டுப் போகிறவள், கொட்டுகிற மழையில் திரும்பி வந்து, தன்னிடம் இருக்கிற ஒரே குடையைத் தங்கையின் கதவில் சாய்த்துவிட்டு நனைந்துகொண்டு போகிறாளே, அவளா கல்நெஞ்சுக்காரி? மற்றதெல்லாம் சுமார். தங்கையாக வந்தவள் அழும்போது மூக்கு மட்டும்தான் நடிக்கிறது. ஆனால் அந்த ஒரு காட்சிக்காகப் பத்துக்கு ஏழு போடுகிறேன். ஏழு நான் யாருக்கும் போடுவதில்லை என்பது உனக்குத் தெரியும்.

எனக்குக் கண் கலங்கவில்லை. தூசி விழுந்தது.

உன்,
சந்தேகம்


மார்ச் 11

என் அருமைச் சந்தேகமே,

குடைப் படமா? எந்தக் குடை, யாருடைய குடை? நீ வேறு தியேட்டருக்குள் நுழைந்துவிட்டாயா?

நான் கடைசிவரை இருந்தேன். "இனிமே இந்த வாசப்படி மிதிச்சா நான் உன் அக்கா இல்ல" என்கிறாள். கதவு அறைகிறது. மழை கொட்டுகிறது, கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது. வயலின் அழுகிறது. விளக்கைப் போட்டுவிட்டார்கள். இதில் குடை எங்கே வந்தது? மழை மட்டும் என்ன மழை! ஓட்டில் விழுவது தனி, தகரத்தில் விழுவது தனி, சேற்றில் விழுவது தனி. ஒலி அமைத்தவனைக் கூப்பிட்டுக் கை கொடுக்க வேண்டும்.

நீ அவளை நல்லவளாக்கப் பார்க்கிறாய். அது உன் பழைய வியாதி. வெளியே சந்தேகம், உள்ளே இளகின மனசு. ஆனால் என்னிடம் நடக்காது. இருபத்தாறு வருஷம் புரூஃப் பார்த்த கண் இது. ஒரு மெய்யெழுத்தின் புள்ளி உதிர்ந்தால்கூட விடாது, ஒரு முழுக் குடையை விடுமா? பத்துக்கு நான்கு. அந்த நான்கும் மழைக்கு.

கையெழுத்தைப் பற்றிக் கேலி வேண்டாம். என் வீட்டுக்காரர் தடித்த பேனா வாங்கி வந்தார், அதனால்தான். நீதான் உன் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். நாள் முழுக்க எறும்பைப் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்தும் எறும்பா? மேசைக்கு மேலே புது விளக்கு போட்டிருக்கிறேன். "ஏம்மா, எதுக்கு இவ்ளோ வெளிச்சம், நகைக்கடையா வச்சிருக்க?" என்கிறார்.

அடுத்த வாரம் பேய்ப் படம் வருகிறது. பார்த்துவிட்டு எழுது. எனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறார், உனக்கு யாரடி?

உன்,
காற்புள்ளி


மார்ச் 16

அன்புள்ள காற்புள்ளிக்கு,

கேலிக்குக் கேலியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு எப்படித் தொடங்கியது என்று உன்னிடம்கூட நான் முழுவதும் சொன்னதில்லை. சாவியைத் தொலைத்தாள், அடுப்பை அணைக்க மறந்தாள் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் பிறகு. முதலில் கெட்டது படக் கதைதான். அவளுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஒரு படம் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கதை சொன்னாள். ஓடுகிற ரயிலில் இருந்து ஒருவன் கைக்குழந்தையை வெளியே நீட்டுகிற இடத்தைச் சொல்லும்போது அழுதாள். அடுத்த வாரம் நான் அதே படத்தைப் பார்த்தேன். ரயிலும் இல்லை, குழந்தையும் இல்லை. "அப்படி ஒரு சீனே இல்லையேம்மா" என்றேன். "நீ தூங்கியிருப்படி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். கடைசி இரண்டு வருஷம் நான் அவளுக்கு மகள் இல்லை, டிக்கெட் கிழிக்கிற பெண்.

எனக்கு வருகிற ஆகஸ்டில் நாற்பத்தொன்பது. போன மாதம் எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீர்க் குடுவை ஒன்று அடுப்பிலேயே வற்றி வெடித்தது. "அக்கா, நீங்கதானே பத்த வச்சீங்க, நான் பார்த்தேனே" என்றாள் கூட வேலை செய்கிறவள். எனக்கு நினைவில்லை. மறந்துவிட்டது என்றால் மறந்த இடத்தில் ஒரு தடமாவது இருக்கும். அங்கே ஒன்றுமே இல்லை, துடைத்துவிட்ட தரைபோல இருக்கிறது. அதையும் தாங்கிக்கொண்டேன். ஆனால் இல்லாத குடையைப் பார்ப்பது வேறு. அந்தக் குடைக்குக் கைப்பிடி எப்படி இருந்தது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியும். அதுதான் பயம்.

நான் கையெழுத்துப் போட்ட தாளை நம்பித்தான் ஒரு ஊரே குழாயைத் திறக்கிறது.

இதை வேறு யாரிடம் கேட்பேன்? எல்லாரும் ஆறுதல் சொல்வார்கள். நீ பிழை பார்க்கிறவள். என்னைப் புரூஃப் பார். பரிதாபம் வேண்டாம்.

பேய்ப் படம் நேற்றுப் பார்த்தேன். ‘லிஃப்ட் படம்’ என்று வைப்போம். இல்லாத மாடியில் லிஃப்ட் நிற்பது நல்ல கற்பனை, மூன்று தடவை நின்றதும் அலுத்துவிட்டது. கடைசியில் எல்லாரும் தப்பித்துப் போன பிறகு, வயதான காவலாளி லிஃப்டுக்குள் இருக்கிற கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறார். சிரித்தாரா, இல்லையா? ஒரே வரியில் பதில் எழுது.

உன்,
சந்தேகம்


மார்ச் 25

என் சந்தேகத்துக்கு,

உன் கடிதத்தை ஜன்னல் ஓரம் நின்று இரண்டு நாள் படித்தேன். அம்மாவைப் பற்றி இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்தாயே.

லிஃப்ட் படம் பார்த்தோம். என்னை உலுக்கிவிட்டது. அந்த லிஃப்ட் மேலே ஏறும்போது ஒரு முனகல் வருமே, கிழவி மூட்டை தூக்குகிறாற்போல! கதவு திறந்தால் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமில்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை துள்ளி, முன்னால் இருந்தவர் தோளைப் பிடித்துவிட்டார். "சாரி சார், என் ஒய்ஃப்னு நெனச்சேன்." அந்த மனிதர் திரும்பி, "ஒய்ஃப் அந்தப் பக்கம் இருக்காங்க சார்" என்றார். தியேட்டரே சிரித்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். சிரிக்கவில்லை.

ஆனால் இதை வைத்து நீ எதையும் முடிவு கட்டாதே. நமக்கெல்லாம் வயதாகிறது. களைப்பாக இருக்கும்போது மனசு எதையாவது ஒட்டிப் பார்க்கும். நன்றாகத் தூங்கு. ஒரு வாரம் லீவு போடு.

உன்,
காற்புள்ளி


ஏப்ரல் 2

அன்புள்ள காற்புள்ளிக்கு,

மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. "சிரிக்கவில்லை" என்ற சொல்லை உறையில் இருந்து எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஒரு நோட்டு வாங்கினேன். காலையில் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன். மாலையில் அதைப் படித்து எல்லாம் நினைவிருக்கிறதா என்று பார்க்கிறேன். நினைவு இருக்கிறது. ஆனால் நோட்டில் எழுதியதால் நினைவிருக்கிறதா, நடந்ததால் நினைவிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நேற்று தண்ணீர் மாதிரிப் புட்டிகளில் சீட்டு ஒட்டினேன். ஒவ்வொன்றையும் நான்கு முறை சரிபார்த்தேன். "அக்கா, அது தண்ணிதான், வைரம் இல்ல" என்றாள் அவள். சிரிக்க முயன்றேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காவலாளி வருகிறார். இல்லாத சிரிப்பு. எனக்கு மட்டும் சிரிக்கிறார்.

அலுவலகத்தில் விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்க இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி. படிவத்தை நிரப்பிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. யாரும் கண்டுபிடிக்கும் முன்பு நானே போய்விடுவது மரியாதை. அதற்குப் பிறகு இந்த இரண்டு அறையில் தனியாக என்ன செய்வேன், என்னை யார் எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தால் எழுந்து நடக்கிறேன்.

ஆனாலும் படம் பார்க்கப் போனேன். நீ விடமாட்டாய். ‘ஆஸ்பத்திரிப் படம்’. டாக்டர் பேசுவதெல்லாம் மேடைப் பேச்சு. நர்ஸாக வந்தவள் நன்றாகச் செய்கிறாள். அந்தப் பெரியவர் இறந்து, எல்லாரும் போன பிறகு, அவள் காலியான கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாளே, எனக்கு அதுதான் படம். நீ என்ன நினைக்கிறாய்?

உன்,
சந்தேகம்


ஏப்ரல் 9

என் செல்லச் சந்தேகமே,

கையெழுத்துப் போடாதே. இதை முதல் வரியாகப் படி, கடைசி வரியாகவும் படி. கையெழுத்துப் போடாதே.

ஆஸ்பத்திரிப் படம் பார்த்தேன். நீ சொன்ன அதே இடம்தான் எனக்கும். அவள் கட்டிலில் படுத்துத் திரும்பிக்கொண்டதும் பக்கத்தில் இருந்த அம்மாள் விசும்பிவிட்டார். எனக்கும் தொண்டை அடைத்தது. என்ன நடிப்பு! பார், உனக்கு எல்லாம் சரியாக நினைவிருக்கிறது. உனக்கு ஒன்றுமில்லை.

குடையைப் பற்றியும் யோசித்தேன். இருந்திருக்கும். நான் அப்போது பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். காவலாளியும் சிரித்திருப்பார். எல்லாம் நீ சொன்னபடிதான். இனிமேல் இந்தப் பரீட்சை வேண்டாம், முன்பு போலச் சும்மா படம் பார்ப்போம், சண்டை போடுவோம்.

கையெழுத்துப் போடாதே.

உன்,
காற்புள்ளி


ஏப்ரல் 15

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதிக்கிறவருக்குத் தெரியாமல், வேண்டுமென்றே தயாரித்த ஒரு புட்டியை மற்ற புட்டிகளோடு கலந்து அனுப்புவோம். அவர் அதில் என்ன இருப்பதாக எழுதித் தருகிறார் என்று பார்ப்போம். குருட்டு சாம்பிள் என்று பெயர். ஆளைச் சோதிப்பதற்கு.

ஆஸ்பத்திரிப் படத்தில் நர்ஸ் கட்டிலில் படுக்கவில்லை. அப்படி ஒரு காட்சியே கிடையாது. அதை நான் பேருந்தில் வரும்போது தயாரித்தேன்.

உனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் விசும்பினார்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் தோன்றியது இதுதான்: இவள் என்னை நோயாளியாக்கிவிட்டாள். அம்மா சொன்ன ரயிலுக்கெல்லாம் கடைசிக் காலத்தில் நானும் தலையாட்டியிருக்கிறேன். "ஆமாம்மா, குழந்தை பத்திரமா இறங்கிடுச்சு." அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். நீ எனக்குத் தலையாட்ட ஆரம்பித்துவிட்டாய். அன்று எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன்.

பேனாவைத் திறந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. இவள் பொய் சொல்லக்கூடியவள் என்றால், எது முதல் பொய்?

ஊரின் கோடியில் ஒரு பழைய தியேட்டரில் குடைப் படம் ஏழாவது வாரம் ஓடுகிறது. பகல் காட்சிக்குப் போனேன். டிக்கெட் கொடுக்கிற அம்மாள், "இதுக்கா? இன்டர்வெலுக்கு மேல யாரும் இருக்கறதில்லீங்களே" என்றாள்.

"ஒரு சந்தேகம், அதான்" என்றேன்.

"டிக்கெட்லயா?"

"என்மேல."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிழித்துக் கொடுத்தாள்.

பதினொரு பேர் இருந்தோம். மடியில் நோட்டு. அக்கா கதவை அறைந்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்கியது. வராது, வராது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மழை பெய்துகொண்டே இருந்தது. வயலின் ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அவள் திரும்பி வந்துகொண்டிருந்தாள், கையில் குடையோடு.

குடை இருக்கிறது. கைப்பிடி நான் நினைத்ததுபோலவே வளைந்த மரம். சத்தமாகச் சிரித்துவிட்டேன். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "இதுல என்னங்க சிரிப்பு?" என்றார்.

பேருந்து நிறுத்தம்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அங்கே நிற்கும்போது உன் கடிதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எனக்குத்தான் நினைவு நன்றாக இருக்கிறதே.

குடைக் காட்சியில் வசனம் கிடையாது. காவலாளி சிரிப்பதில் சத்தம் கிடையாது. நீ எழுதியதெல்லாம் காதில் விழுவதுதான். மழை மூன்று விதம். லிஃப்டின் முனகல். கதவு. வயலின். கல்லூரி நாளில் ஒரு நடிகை எந்தச் சேலையில் எந்தக் காட்சியில் வந்தாள் என்று பட்டியல் போட்டவள், இந்த வருஷம் ஒரு நிறம்கூட எழுதவில்லை. பக்கத்துக்கு ஒன்பது வரி எழுதுகிறாய். ஜன்னல் ஓரம் நின்று ஒரு கடிதத்தை இரண்டு நாள் படிக்கிறாய். புது விளக்கு. பெரிய எழுத்தில் எழுது என்றாய்.

இதுவரை என் குடுவையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். பரிசோதிக்கிறவரைப் பார்க்கவே இல்லை.

இந்தக் கடிதத்தை விரல் அளவு எழுத்தில் எழுதியிருக்கிறேன். இதை நீ படிக்கிறாயா, வேறு யாராவது படித்துச் சொல்கிறார்களா?

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அந்தப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டிருந்தால்?

சந்தேகம்


ஏப்ரல் 21

அன்புள்ள சந்தேகத்துக்கு,

இது என் வீட்டுக்காரர் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். பிழைகளுக்கு நான் பொறுப்பில்லை. உன் கடிதத்தையும் இவர்தான் படித்தார். அதுவரை இவருக்கும் எதுவும் தெரியாது. படித்து முடித்ததும் எழுந்து போய், தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல். இரண்டு கண்ணிலும் நடுவில் ஈரக் கறை மாதிரி ஒன்று. எதை நேராகப் பார்க்கிறேனோ அது இல்லை. ஓரம் தெரிகிறது. ஆள் எதிரே வந்தால் காது தெரிகிறது, தோள் தெரிகிறது, முகம் இல்லை. திரையிலும் அப்படித்தான். சுற்றிலும் மரமும் சுவரும் தெரியும். கதை ஓரத்திலா நடக்கும்? பேச்சை வைத்துக் கதையைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகவே பிடித்தேன். குடைக் காட்சி வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வரிசையில் உட்கார்ந்து முன்னால் போகிறவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, கண் டாக்டர் பலகையில் இருக்கிற எழுத்தையெல்லாம் மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். டாக்டர் சந்தோஷப்பட்டார். அடுத்த தடவை பலகையை மாற்றிவிட்டார். அன்றைக்குத்தான் அழுதேன். இனி திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்றார். கண்ணுக்குள்! அதோடு அந்தப் பக்கம் போகவே இல்லை.

நீ கேட்கிற கேள்விக்கு வருகிறேன். குடை இல்லை என்று எழுதியபோது நான் பொய் சொல்லவில்லை. சத்தியமாக எனக்குக் குடை இல்லை. அம்மாவைப் பற்றி நீ எழுதிய பிறகு லிஃப்ட் படத்துக்குப் போனேன். வீட்டுக்கு வந்து இவரிடம், "வாட்ச்மேன் கடைசில சிரிச்சானா?" என்று கேட்டேன். "பல்லெல்லாம் தெரிய சிரிச்சானே, நீ பாக்கலையா?" என்றார். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. குடையும் இருந்திருக்கும் என்றும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு உட்கார்ந்து, "சிரிக்கவில்லை" என்று எழுதினேன்.

இதை இவர் எழுத மாட்டேன் என்கிறார். எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுத்தெழுத்தாக, தடித்த பேனாவால் எழுதினேன். சிரித்தார் என்று ஒப்புக்கொண்டால் என் கண் போனது உண்மையாகிவிடும் என்று பயம். இன்னொன்றும் உண்டு, அது இதைவிடக் கேவலம். உனக்கு மறதி என்றால் என் கண் நன்றாக இருக்கிறது என்று ஒரு வாரம் நானே நம்பினேன். நிம்மதியாகத் தூங்கினேன். உன் ஓய்வுப் படிவம் வந்ததும் தூக்கம் போயிற்று. உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை, அதனால் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். ஆஸ்பத்திரிப் படத்துக்கு நான் போகவே இல்லை.

அச்சகத்தில் இப்போது ஐந்தாம் வகுப்புப் புத்தகம் ஓடுகிறது. பூதக்கண்ணாடியை ஓரமாகப் பிடித்து ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கிறேன். என்ன விட்டிருக்கிறேனோ தெரியாது. காலையில் கண்ணைத் திறக்கும் முன் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருக்கிறேன், கறை பெரிதாகியிருக்குமோ என்று.

நீ எழுதாவிட்டால் எனக்குப் புரியும்.

காற்புள்ளி

(சிஸ்டர், மே 6 காலை பத்து மணிக்கு முதல் ஊசி. நான் பேசி வாங்கிவிட்டேன். ரொம்பப் பயப்படுகிறாள். இது அவள் சொல்லி எழுதியது அல்ல.)


ஏப்ரல் 27

காற்புள்ளிக்கு,

இதை உன் வீட்டுக்காரர் உரக்கப் படிக்கட்டும். இந்தக் கடிதம் மட்டும் அவசரமாகப் படிக்கக் கூடாது என்று சொல்.

எனக்குக் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அதுவும் ஒரு தலையாட்டல்தான். ஐந்து வாரம் நான் என் தலைக்குள் என் அம்மாவைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ தூங்கினாய்.

படிவத்தை நான் கிழிக்கவில்லை. இழுப்பறையில் இருக்கிறது. முப்பதாம் தேதி தாண்டினால் அது வெறும் தாள். குடை கிடைத்துவிட்டது, ஆனால் குடுவை இன்னும் கிடைக்கவில்லை. அதைப் பற்ற வைத்தது எனக்கு இன்றுவரை நினைவில்லை. நினைவாற்றலைச் சோதிக்கிற டாக்டரிடம் மே பதினெட்டாம் தேதிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஒரு பரிசோதனை சுத்தமாக வந்தால் தண்ணீர் சுத்தம் என்று ஆகாது. பயம் அப்படியேதான் இருக்கிறது. உன்னுடையதும் அப்படியேதான் இருக்கும்.

அச்சகத்தில் சொல்லிவிடு. நாளைக்கே சொல். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நீ பொய் சொல்லாதே.

ஐந்தாம் தேதி மாலை வருகிறேன். ஊசி போடும்போது வெளியே உட்கார்ந்திருப்பேன். உள்ளே விட்டால் உள்ளே. சனிக்கிழமை பகல் காட்சிக்கு, கடைசி வரிசையில், ஓரமாக மூன்று இருக்கை சொல்லிவைக்கச் சொல். போனில் பேசுவதில்லை என்றுதான் ஒப்பந்தம். காதில் பேசக் கூடாது என்று இல்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் "உஸ்" என்பார்கள். உன் வீட்டுக்காரர் சமாளிக்கட்டும், அவருக்கு முன்வரிசைக்காரர்களோடு பழக்கம் இருக்கிறது.

இப்போது நீ விட்ட இடம். நோட்டில் இருந்து எழுதுகிறேன்.

கதவு அறைந்துவிட்டது. நீ கேட்ட மழை பெய்கிறது. அக்கா கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போகிறாள். அவளுடைய சேலை சாம்பல் நிறம், கீழே ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து கறுத்திருக்கிறது. முனையில் நிற்கிறாள். முதுகுதான் தெரிகிறது. நெடுநேரம் நிற்கிறாள். நீ வயலின் கேட்டது இங்கேதான். பிறகு திரும்புகிறாள். முகத்தைக் காட்டவில்லை, குடை மறைக்கிறது. அதனால் அந்த இடத்தில் எனக்கும் உனக்கும் ஒன்றுதான். வாசலுக்கு வருகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது, ஜன்னலில் தங்கையின் நிழல். கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். தட்டவில்லை. குடையை மடக்குகிறாள். உதறினால் சத்தம் கேட்கும் என்று உதறாமல், தண்ணீரைக் கையால் வழித்துவிடுகிறாள். வளைந்த கைப்பிடியைத் தாழ்ப்பாளில் மாட்டிப் பார்க்கிறாள், நிற்கவில்லை. கதவில் சாய்த்துவைக்கிறாள். அது சரிகிறது. திரும்பவும் நேராக வைக்கிறாள். அப்புறம் தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் மழையில் இறங்கிப் போகிறாள். காமிரா அவளோடு போகவில்லை. குடையிடமே நிற்கிறது.

அவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள். அது நடையில் தெரிகிறது.

பத்துக்கு ஏழு. நீயும் இப்போது போட்டுவிட்டு எழுது.

சந்தேகம்

பி.கு.: கடிதத்தின் முதல் வரியில், உன் பெயருக்கு முன்னால் வழக்கமாக வருகிற ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. போன கடிதத்தில் அந்த வரியையே வேண்டுமென்று விட்டேன். இதில் எழுத வரவில்லை. பிழை பார்க்கிறவள் நீ. உன் வீட்டுக்காரரிடம் பேனாவைக் கொடுத்துப் போட்டுக்கொள்.